கழிவு யார் ஊருக்குப் போகிறது? இனநீதிக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள தொடர்பு

1978ஆம் ஆண்டின் கோடைக்கால இரவுகளில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஒரு டாங்கர் லாரி வால்வைத் திறந்துவிட்டபடியே கிராமப்புறச் சாலைகளின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒழுகியது மின்சார டிரான்ஸ்ஃபார்மர்களில் பயன்படுத்தித் தீர்ந்த எண்ணெய். அதில் பிசிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் கலந்திருந்தது. எளிதில் சிதையாமல் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடுகிற, உடற்கொழுப்பில் சேர்ந்து புற்றுநோய்வரை கொண்டுபோய்விடக்கூடிய வேதிப்பொருள் அது. அத்தகைய எண்ணெயை இனி முறைப்படிதான் அழிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதிகளை இறுக்கிக்கொண்டிருந்த நேரம். முறைப்படி அழிக்கப் பணம் செலவாகும் என்பதால், 31,000 காலன், அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகமான எண்ணெய், 14 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) முன்னூறு கிலோமீட்டருக்கும் நீண்ட சாலையோரங்களில் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்டது.

கொட்டியவர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றார்கள். நம் விஷயம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். சாலையோரத்திலிருந்து சுரண்டியெடுத்த நச்சு மண்ணை எங்கே புதைப்பது என்ற கேள்வி மாநில அரசின் முன் நின்றது. அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுண்டியிலுள்ள ஆஃப்டன் என்ற சிற்றூர். வட கரோலினாவின் மிக ஏழ்மையான கவுண்டிகளில் அது ஒன்று. மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். குடிநீருக்குத் தங்கள் கிணறுகளை நம்பியிருந்தவர்கள். அங்கே நிலத்தடி நீர் சில அடிகளிலேயே கிடைத்துவிடும். இப்படிப்பட்ட குழியின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீருக்கும் 50 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த விதியிலிருந்து ஆஃப்டனுக்கு விலக்கு அளித்தது. நிலவியல் பொருத்தத்தைப் பார்த்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதற்கு இதற்குமேல் வழியில்லை.

1982 செப்டம்பரில் மண் ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கியபோது, அவ்வூர் மக்கள் அருகிலிருந்த தேவாலயத்திலிருந்து ஊர்வலமாக வந்து சாலையில் படுத்தார்கள். ஏறக்குறைய ஆறு வாரங்கள் நடந்த அந்தப் போராட்டத்தில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குழந்தைகளும் முதியவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் ஏறத்தாழ 60,000 டன் மண் அங்கேயே புதைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, சுமார் 1.8 கோடி டாலர் செலவில் அந்த மண்ணை நச்சு நீக்கும் வேலை 2003இல்தான் முடிந்தது. உடனடி நோக்கத்தில் தோற்றுப்போன அந்தப் போராட்டத்தையே சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தின் பிறப்பிடம் என்று பலரும் கூறுவார்கள்.

இரண்டு கேள்விகள், ஒரே இடம்

இனநீதி என்றால் தோலின் நிறத்தையோ பிறப்பையோ வைத்து ஒருவருடைய உரிமைகளும் வாய்ப்புகளும் பாதுகாப்பும் கூடவோ குறையவோ கூடாது என்பது. வாக்குரிமை, பள்ளி, வேலை, காவல்துறை ஆகியவைதான் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவை. வளங்குன்றா வளர்ச்சி என்றால், 1987இல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம் வகுத்தபடி, வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. இங்கே காடு, காற்று, ஆறு, கரியமில வாயு ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்துப் பேசுவதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஒன்றைப் பேசுகிறவர்களுக்கு மற்றது ஆடம்பரமாகவோ திசைதிருப்பலாகவோ தோன்றியதும் உண்டு.

வாரன் கவுண்டியில் லாரிக்கு முன் படுத்தவர்களிடம் இந்தப் பாகுபாடு இல்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இந்த நஞ்சு ஏன் எங்கள் கிணற்றுக்கு மேல் வைக்கப்படுகிறது? வளங்குன்றா வளர்ச்சி பற்றிய பேச்சு பெரும்பாலும் இன்றைய தலைமுறைக்கும் நாளைய தலைமுறைக்கும் இடையிலான நியாயத்தைப் பற்றியது. இன்றைய தலைமுறைக்குள்ளேயே யாருக்கும் யாருக்கும் இடையில் நியாயம் இல்லை என்பதை அவர்களுடைய கேள்வி முன்னே கொண்டுவந்து வைத்தது. அதிலிருந்து வளர்ந்த கருத்துக்குத்தான் சுற்றுச்சூழல் நீதி என்று பெயர். மாசின் சுமையை யார் தாங்குகிறார்கள், அந்த மாசை உண்டாக்கும் உற்பத்தியின் பலன் யாருக்குப் போகிறது, எங்கே எது அமைய வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது கேட்கிறது. சுமை ஓர் இனத்தவர் மீதே திரும்பத் திரும்ப விழும்போது அதைச் சுற்றுச்சூழல் இனப்பாகுபாடு என்கிறார்கள்.

வாரன் கவுண்டியில் கைதானவர்களில் ஒருவர் வால்டர் ஃபான்ட்ராய். வாஷிங்டன் நகரத்தின் சார்பில் நாடாளுமன்றத்தில் இருந்தவர். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு, தென்கிழக்கிலுள்ள எட்டு மாநிலங்களில் இத்தகைய நச்சுக்கழிவுப் புதைகுழிகள் எங்கே இருக்கின்றன என்று 1983இல் ஆராய்ந்தது. இருந்தவை நான்கு. அவற்றில் மூன்று, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் இருந்தன; அப்பகுதியின் மொத்த மக்கள்தொகையிலோ அவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். நான்கு குழிகளை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்பது சரியே. ஆகவே 1987இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுவதற்குமான ஆய்வை வெளியிட்டது. வணிக நோக்கிலான அபாயக் கழிவு நிலையங்கள் எங்கே அமைந்திருக்கின்றன என்பதை முன்கூட்டிச் சொல்ல, வருமானத்தையும் நிலத்தின் மதிப்பையும்விட அப்பகுதி மக்களின் இனமே வலுவான அடையாளமாக இருந்தது என்பது அதன் முடிவு. இருபது ஆண்டுகள் கழித்து 2007இல் மீண்டும் ஆராய்ந்தபோது, நாட்டிலுள்ள 413 நிலையங்களுக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வதும், அவர்களில் 56 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதவர் என்பதும் தெரியவந்தது. நிலையம் இல்லாத பகுதிகளில் அந்த அளவு 30 விழுக்காடு.

இதெல்லாம் ஏழ்மையின் விளைவுதானே, இனத்தை ஏன் இழுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமானது. இந்தத் துறையில் எழுந்த முதல் எதிர்ப்பும் இதுதான். நிலம் மலிவாக உள்ள இடத்தில் ஆலை வரும், வாடகை மலிவாக உள்ள இடத்துக்கு ஏழைகள் வருவார்கள், ஏழைகளில் கறுப்பினத்தவர் அதிகம் என்பதால் கணக்கு அப்படித் தெரிகிறது என்பது அந்த வாதம். குப்பைமேடு முதலில் வந்ததா, மக்கள் முதலில் வந்தார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். ஆய்வாளர்கள் பால் மொஹாயும் ராபின் சாஹாவும் முப்பது ஆண்டுகாலத் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, சிறுபான்மை இனத்தவரும் ஏழைகளும் ஏற்கெனவே வாழ்ந்த பகுதிகளைத் தேடித்தான் நிலையங்கள் வந்தன என்று காட்டியது.

ஆனால் எண்ணிக்கைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த நிலம் ஏன் மலிவாக இருந்தது? இதற்கான விடையை 1930களின் வரைபடங்களில் பார்க்கலாம். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வீட்டுக் கடன்களை மீட்க அமெரிக்க அரசு தொடங்கிய நிறுவனம் ஒன்று, நகரங்களின் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் கடன் கொடுப்பதிலுள்ள அபாயத்தை மதிப்பிட்டு நான்கு நிறங்களில் வரைபடம் தீட்டியது. மிகச் சிறந்த பகுதிக்குப் பச்சை. அபாயமானது என்று கருதப்பட்ட பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதி என்றால் பெரும்பாலும் சிவப்பு. அங்கே வசித்த மருத்துவருக்கும் ஆசிரியருக்கும்கூட வீட்டுக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. முதலீடு வரவில்லை, வீட்டு மதிப்பு ஏறவில்லை. பிற்பாடு அதிவிரைவுச் சாலை போட வேண்டியிருந்தபோது நிலம் மலிவாக எடுக்க வாய்த்ததும் அந்தப் பகுதிகளில்தான். இப்படி உண்டாக்கப்பட்ட மலிவைச் சந்தையின் இயல்பான விலை என்று எடுத்துக்கொள்வது, கதையின் முதல் பாதியைக் கிழித்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் படிப்பது.

அந்த வரைபடங்கள் சட்டப்படி செல்லாமல்போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. வெப்பமானியில் அவை இன்னும் தெரிகின்றன. 108 அமெரிக்க நகரங்களின் தரை வெப்பநிலையைச் செயற்கைக்கோள் தரவுகளோடு ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், ஒருகாலத்தில் சிவப்பு தீட்டப்பட்ட பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தோடு இருப்பது தெரிந்தது. காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. மரங்கள் குறைவு, பூங்கா குறைவு. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் அதிகம். பருவநிலை மாற்றத்தால் வெப்ப அலைகள் கூடிவரும்போது, ஒரே நகரத்தில் ஒரே நாளில் வீசும் அதே அலை, ஒரு தெருவில் தாங்கக்கூடியதாகவும் இன்னொரு தெருவில் மருத்துவமனைக்கு அனுப்புவதாகவும் ஆகிறது. எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இனப்பாகுபாட்டு முடிவு இன்றைய சூழல் பிரச்சினையின் அளவை நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

யாரும் வெறுப்போடு திட்டமிட்டுச் செய்யவில்லையே என்ற கேள்வியும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள ஹூஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டும். 1979இல் அங்கே நடுத்தர வருவாய்க் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு புறநகரில் குப்பைக் கிடங்கு அமைக்க அனுமதி வழங்கப்பட்டபோது, லிண்டா மெக்கீவர் புல்லார்ட் என்ற வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். அவருடைய கணவரும் சமூகவியலாளருமான ராபர்ட் புல்லார்ட் தரவு திரட்டினார். நகராட்சியின் ஐந்து குப்பைக் கிடங்குகளில் ஐந்தும், எட்டு எரிஉலைகளில் ஆறும் கறுப்பினத்தவர் பகுதிகளில் இருந்தன. நகர மக்கள்தொகையில் அவர்கள் கால் பங்குதான். நீதிபதி அந்தக் கணக்கைப் படித்தார். உயர்நிலைப் பள்ளிக்கு அவ்வளவு அருகில், அதுவும் ஏ.சி. இல்லாத பள்ளிக்கு அருகில், குப்பைக் கிடங்கு வைப்பதில் பொருளே இல்லை என்று தம் தீர்ப்பிலேயே எழுதினார். ஏ.சி. இல்லாத பள்ளி என்றால் டெக்சாஸ் வெயிலில் சன்னல்கள் திறந்தே இருக்கும். ஆனாலும் இனப்பாகுபாட்டு நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தடை கொடுக்க மறுத்துவிட்டார். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின்படி விளைவு மட்டும் போதாது, நோக்கத்தையும் காட்ட வேண்டும். ஒரு கோப்பில் எவரும் தம் வெறுப்பை எழுதிவைப்பதில்லை.

வெறுப்பே தேவையில்லை என்பதுதான் உண்மை. 1984இல் கலிஃபோர்னியாவின் கழிவு மேலாண்மை வாரியத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் அறிக்கை தயாரித்தது. குப்பை எரிஉலைகளை எங்கே அமைத்தால் எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்பது அதன் பொருள். எல்லாத் தரப்பினரும் எதிர்க்கத்தான் செய்வார்கள். ஆனால் நடுத்தர, மேல்தட்டு மக்களிடம் எதிர்ப்பைப் பலிக்கச் செய்யும் வசதிகள் உண்டு, அடித்தட்டு மக்களிடம் இல்லை என்று அது வெளிப்படையாகவே கூறியது. இனத்தின் பெயரே அதில் தேவைப்படவில்லை. வக்கீலும் செல்வாக்கும் தேர்தல் பலமும் எந்தப் பகுதியில் இல்லை என்று தேடினால், நூற்றாண்டுகளாக அவை மறுக்கப்பட்ட மக்களின் வாசலில்தான் அந்தத் தேடல் போய் நிற்கும்.

வளங்குன்றா வளர்ச்சிக்கு இதில் என்ன வேலை?

இதுவரை சொன்னதைக் கேட்டு, இது ஒரு பகிர்வுப் பிரச்சினை, மாசைச் சமமாகப் பங்கிட்டால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் நினைக்கலாம். தொடர்பு அதைவிட ஆழமானது. இந்தக் கட்டுரையின் மையமும் அதுதான். தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட முடிகிறவரை ஒருவருக்குக் குப்பையைக் குறைக்கும் எண்ணம் வராது. ஒரு சமூகமும் அப்படித்தான். எதிர்த்துப் பேச முடியாத மக்கள் ஒரு பக்கம் இருக்கிறவரை, மாசை அகற்ற ஆகும் உண்மையான செலவை உற்பத்தியாளரும் நுகர்வோரும் கட்ட வேண்டியதில்லை. செலவு தெரியாதபோது பொருள் மலிவாக இருக்கும். மலிவாக இருக்கும்போது உற்பத்தி பெருகும். உற்பத்தி பெருகும்போது மாசும் பெருகும். ஆகவே இன அநீதி, மாசு எங்கே சேர்கிறது என்பதோடு எவ்வளவு மாசு உண்டாகிறது என்பதையும் தீர்மானிக்கிறது. நாடு முழுவதும் எந்த ஊரும் மறுக்க முடியும் என்ற நிலை வந்தால்தான் பிசிபி போன்ற ஒன்றைத் தயாரிப்பதற்கு முன்பே அதை என்ன செய்வது என்று யோசிக்கும் கட்டாயம் பிறக்கும்.

உண்டாக்குபவரும் சுவாசிப்பவரும் வேறுவேறு என்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு எண்களில் காட்டியது. மிக நுண்ணிய மாசுத் துகள்களை எடுத்துக்கொண்டு, எந்தெந்த நுகர்வால் எவ்வளவு துகள் உண்டாகிறது, அதை யார் சுவாசிக்கிறார்கள் என்று கிறிஸ்டஃபர் டெசம் குழுவினர் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் வெள்ளையர் தங்கள் நுகர்வால் உண்டாகும் மாசைவிட 17 விழுக்காடு குறைவாகச் சுவாசிக்கிறார்கள். கறுப்பினத்தவர் 56 விழுக்காடும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 63 விழுக்காடும் கூடுதலாகச் சுவாசிக்கிறார்கள்.

இதே தர்க்கம் நாட்டு எல்லைகளையும் கடக்கும். 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸின் கையெழுத்தோடு சுற்றுக்கு விடப்பட்ட ஓர் உட்குறிப்பு வெளியே கசிந்தது. நச்சுக்கழிவைக் கூலி மிகக் குறைந்த நாட்டில் கொட்டுவதன் பொருளாதார நியாயத்தில் குற்றம் காண முடியாது என்றும், ஆப்பிரிக்காவின் மக்கள்தொகை குறைந்த நாடுகள் போதிய அளவு மாசுபடாதவை என்றும் அதில் இருந்தது. கிண்டலாக எழுதியது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. கிண்டலோ இல்லையோ, நடப்பில் இருந்ததை அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு அதற்கான சான்று கொடைக்கானலிலேயே இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிவந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, இயந்திரங்களோடு கொடைக்கானலுக்குக் குடிபெயர்ந்தது. செய்த வெப்பமானிகள் ஏற்றுமதியாயின. பாதரசம் மலையில் தங்கியது. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கும் மேல் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்த பிறகே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. நச்சுக்கழிவு வளர்ந்த நாட்டை நோக்கித் திரும்பிப் பயணம் செய்த அரிய நிகழ்வுகளில் அது ஒன்று. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் தொழிற்சாலையின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று.

குரல் எட்டாத இடம்

மறுக்கும் ஆற்றல் என்று மேலே சொன்னது எவ்வளவு முக்கியமானது என்பதை மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் விளக்கும். அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். கார்த் தொழில் நலிந்து நகராட்சி கடனில் மூழ்கியபோது, மக்கள் தேர்ந்தெடுத்த மேயரின் அதிகாரத்தை மாநில அரசு நியமித்த மேலாளரிடம் ஒப்படைத்தார்கள். சிக்கனத்தின் பெயரில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அந்த நீருக்குக் குழாயை அரிக்கும் தன்மை உண்டு. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளை நீரில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. நிறம் மாறிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மக்கள் கூட்டம் கூட்டமாக முறையிட்டார்கள். நீர் பாதுகாப்பானது என்றே பதில் வந்தது.

அதே 2014 அக்டோபரில், அந்த நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று முறையிட்டு வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட நீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் தரவுகளோடு வெளியிட்ட பின்னரே, அக்டோபரில் பழைய நீர் ஆதாரம் மீட்கப்பட்டது. இதனிடையே பரவிய லெஜியோனெய்ர் என்ற நுரையீரல் நோய்க்குக் குறைந்தது 12 பேர் இறந்தார்கள். மாநிலத்தின் குடிமை உரிமைகள் ஆணையம் 2017இல் அளித்த அறிக்கை, தனிமனிதர் எவருடைய வெறுப்பையும் தேடாமல், அமைப்பிலேயே ஊறிய இனப்பாகுபாட்டின் விளைவு இது என்று கூறியது. வாக்களித்து அனுப்பிய மேயருக்கு அதிகாரம் இருந்திருந்தால், மறுதேர்தல் பயமாவது அவரைக் குழாயடிக்கு அழைத்து வந்திருக்கும்.

லூசியானாவில் இந்தக் கதைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே மிசிசிப்பி ஆற்றின் கரையோரம் சுமார் 137 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ 150 பெட்ரோலிய, வேதிப்பொருள் ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. புற்றுநோய்ச் சந்து என்று மக்கள் அதை அழைக்கிறார்கள். ஒருகாலத்தில் அது அடிமைகளைக் கொண்டு நடத்தப்பட்ட கரும்புத் தோட்டங்களின் வரிசை. ஒவ்வொரு தோட்டமும் ஆற்றை முகப்பாகக் கொண்டு பின்னால் நீண்டு கிடந்த பெரிய நிலம்; ஒரே உரிமையாளர்; படகுத்துறை அமைக்க வசதி. ஆலை கட்ட வந்தவர்களுக்கு இதைவிட வாகான நிலம் கிடைக்காது. விடுதலையடைந்த அடிமைகள் அந்தத் தோட்டங்களின் ஓரத்தில் அமைத்துக்கொண்ட சிற்றூர்கள், ஆலைகளின் மதிலையொட்டி அப்படியே இருக்கின்றன.

அங்கே செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் வாழும் ஷாரன் லவீன், ஓய்வுபெற்ற சிறப்புப் பள்ளி ஆசிரியை. 125 கோடி டாலர் மதிப்பிலான ஒரு சீன நிறுவனத்தின் பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலைத் திட்டத்தை 2019இல் அவரும் ஊர்மக்களும் கைவிடச் செய்தார்கள். 2021இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அதே பகுதியில் ஃபார்மோசா நிறுவனம் அறிவித்த 940 கோடி டாலர் பிளாஸ்டிக் வளாகத்துக்கு, ஆண்டுக்கு 1.36 கோடி டன் பசுங்குடில் வாயுவை வெளியிட அனுமதி கேட்கப்பட்டிருந்தது. அந்த நிலத்தில் அடிமைகளின் புதைகுழிகள் இருப்பதும் பின்னர் தெரியவந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வருகிறது என்று ஒரு சிற்றூர் கூறிய எதிர்ப்பு, கணக்குப் பார்த்தால், பல மாநாடுகளின் தீர்மானங்களைவிட அதிகமான கரியமில வாயுவைத் தடுத்து நிறுத்தும் வலுவுடையது. இனநீதிப் போராட்டம் பருவநிலைப் போராட்டத்துக்கு இடையூறு என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரிலேயே இன அநீதி நடந்ததுண்டு. கலிஃபோர்னியாவின் யோசமைட்டி பள்ளத்தாக்கிலிருந்து அஹ்வானீச்சி பூர்வகுடியினரை 1851இல் ஆயுதப்படை விரட்டியது. பின்னாளில் அதே இடம் மனிதர் தீண்டாத தூய இயற்கை என்று போற்றப்பட்டது. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரக் காடுகளைக் காக்கும் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான மேடிசன் கிராண்ட், வெள்ளை இன மேன்மையைப் பரப்பும் நூலை 1916இல் எழுதியவர். இந்த மரபின் நிழல் நீண்டது. 1990இல் தென்மேற்கு மாநிலங்களின் சமூக அமைப்புகள், நாட்டின் பத்துப் பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, உங்கள் பணியாளர்களிலும் தலைமையிலும் எங்களில் எத்தனை பேர் என்று கேட்டன. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய வெள்ளையரல்லாதோரின் முதல் தேசியச் சுற்றுச்சூழல் மாநாடு, 17 கொள்கைகளை வகுத்தது. சுற்றுச்சூழல் என்பது நாம் வாழும், வேலை செய்யும், விளையாடும் இடம் என்ற விளக்கம் அந்த இயக்கத்திலிருந்து வந்ததே.

பருவநிலைக் கொள்கைகளை இன்று மதிப்பிடும்போது இந்தக் கவனம் உதவும். கரியமில வாயு உரிமங்களை வாங்கி விற்கும் சந்தை முறையை எடுத்துக்கொள்வோம். வளிமண்டலத்தைப் பொறுத்தவரை ஒரு டன் வாயு எந்த ஊரில் குறைந்தாலும் பலன் ஒன்றுதான். ஆனால் அதே புகைபோக்கியிலிருந்து கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் ஆகியவையும் வருகின்றன. அவை பக்கத்துத் தெருவில்தான் படியும். பழைய ஆலை தன்னைத் திருத்திக்கொள்ளாமல் உரிமம் வாங்கித் தொடர்ந்து இயங்கினால், ஏட்டில் நாட்டின் கணக்கு சரியாகும். அந்தத் தெருவில் ஒன்றும் மாறாது. கலிஃபோர்னியா தன் சந்தையிலிருந்து வரும் நிதியில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு பின்தங்கிய பகுதிகளுக்குப் பயன்பட வேண்டும் என்று 2012இல் சட்டமியற்றியது இந்த விமரிசனத்தின் அழுத்தத்தால்தான். பணம் வருவது நல்லதே. புகை குறைவது வேறு விஷயம் என்று அங்குள்ளவர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மத்திய அரசளவில் இந்த இயக்கத்துக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரம், அதிபர் கிளின்டன் 1994 பிப்ரவரியில் பிறப்பித்த 12898ஆம் எண் நிர்வாக ஆணை. ஒவ்வோர் அரசுத் துறையும் தன் முடிவுகளால் சிறுபான்மை இனத்தவருக்கும் ஏழைகளுக்கும் அளவுக்கு மீறிய கேடு விளைகிறதா என்று ஆராய வேண்டும் என்றது அது. நிர்வாக ஆணையை இயற்றும் அதே கை அதை அழிக்கவும் முடியும். 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அதை ரத்து செய்தார். சில வாரங்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சுற்றுச்சூழல் நீதி அலுவலகங்களை மூடும் அறிவிப்பும் வந்தது.

எனவே இப்போது கவனிக்க வேண்டியவை மாநிலச் சட்டங்கள். அவற்றில் கடுமையானது நியூ ஜெர்சி 2020இல் இயற்றியது. அம்மாநிலத்தின் நூவர்க் நகரில் அயர்ன்பவுண்ட் என்ற பகுதி இருக்கிறது. வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சைத் தயாரித்த ஆலையின் டயாக்சின் நஞ்சு அதையொட்டிய பஸாயிக் ஆற்றின் படுகையில் தேங்கியிருக்கிறது. மாநிலத்தின் மிகப் பெரிய குப்பை எரிஉலையும் அங்கேதான். துறைமுகத்துக்குச் செல்லும் டீசல் லாரிகளின் வழியும் அதுவே. பழைய முறைப்படி புதிதாக ஓர் ஆலை விண்ணப்பித்தால், அதன் புகை மட்டும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து அனுமதி கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் வரம்புக்குள், சேர்ந்து மூச்சுத் திணறல். புதிய சட்டம், ஏற்கெனவே உள்ள சுமை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. குறைந்த வருவாயினர் 35 விழுக்காடோ, சிறுபான்மை இனத்தவர் 40 விழுக்காடோ, ஆங்கிலம் சரிவரத் தெரியாத குடும்பங்கள் 40 விழுக்காடோ உள்ள பகுதிகளில், புதிய ஆலையால் மற்ற பகுதிகளைவிட அதிகமான மொத்தச் சுமை உண்டாகும் என்றால் அனுமதியை மறுத்தே ஆக வேண்டும். அப்பகுதிக்கே தவிர்க்க முடியாத பொதுநலத் தேவை இருந்தால் மட்டும் விலக்கு. 2023இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏற்கெனவே இயங்கும் ஆலைகள் உரிமத்தைப் புதுப்பிக்க வரும்போது, அவற்றை மூடச் சொல்ல இச்சட்டத்தில் இடமில்லை. கூடுதல் நிபந்தனைகள் மட்டுமே விதிக்கலாம். அயர்ன்பவுண்டின் எரிஉலை அந்த இரண்டாம் வகையில் வருகிறது.